கரி போனது, கரி திரும்பி வந்தது
மலாக்கா மண்ணும் மக்களும் – பகுதி 23

சென்ற பகுதியில், 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து கிளம்பி, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் வரை வந்தோம். பால்மரக்காடு இருந்த இடத்தில் தாமான்களும் தொழிற்பேட்டையும் எழுந்த ஊர்களில் புக்கிட் ரம்பாயும் ஒன்று என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். மண் கைமாறிய கதையை ஓரளவு சொல்லியாகிவிட்டது. காற்றின் கதை பாக்கி இருக்கிறது.

புகைமூட்டக் காலத்தில் மின்னல் எஃப்எம் செய்தியைக் கேட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். மூவார், போர்ட்டிக்சன், கிள்ளான் துறைமுகம் என்று வாசித்துக்கொண்டே வரும்போது புக்கிட் ரம்பாய் பெயரும் வரும். மலாக்காவுக்கு வெளியே இந்தச் சின்ன ஊரின் பெயர் தெரிந்ததே பெரும்பாலும் அப்படித்தான். சுற்றுச்சூழல் துறையின் காற்று அளவை நிலையம் ஒன்று இங்கே இருப்பதுதான் காரணம். மலாக்காவில் இப்போது மூன்று நிலையங்கள்: அலோர் காஜா, மலாக்கா மாநகர், புக்கிட் ரம்பாய். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் காவடி தூக்கி வருகிற கூட்டம் சுவாசிப்பதும் ஏறக்குறைய இந்த நிலையம் அளக்கிற காற்றைத்தான்.

ஐ.பி.யு. என்று நாம் சொல்லும் காற்று மாசுக் குறியீட்டு எண் 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, 101க்கு மேல் உடலுக்கு ஆகாதது, 300ஐத் தாண்டினால் அபாயம். ஆறு பொருள்களை அளந்து அது கிடைக்கிறது: பெரிய தூசு, நுண்தூசு, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. பி.எம். 2.5 என்று குறிக்கப்படும் நுண்தூசு நம் நாட்டுக் குறியீட்டுக் கணக்கில் சேர்ந்தது 2018 ஆகஸ்டில்தான். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தூசு நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலந்துவிடும். மனிதனுக்கு அதிகம் தீங்கு செய்கிற ஒன்று இத்தனை ஆண்டு கணக்கில் வராமலே இருந்தது.

புகைமூட்டம் என்றதும் சுமத்ராவைக் கைகாட்டிப் பழகிவிட்டோம். 2013 ஜூனில் மூவாரில் எண் 700ஐத் தாண்டி நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, அந்தக் காட்டுத்தீயால்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் தீ அணைந்து மழை பெய்த பிறகும் நம் மேற்குக் கரையின் வானத்தில் புகை விட்டுக்கொண்டிருக்கிற புகைபோக்கிகள் உண்டு. இந்தப் பகுதி அவற்றைப் பற்றியது, அவை எரிக்கிற நிலக்கரியைப் பற்றியது.

தோட்டத்து ஆட்களுக்குப் புகை புதிதில்லை. ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாள்கணக்கில் புகை போடும் ஸ்மோக் ஹவுஸ் அன்று பல தோட்டங்களில் இருந்தது. உள்ளே போய் ஷீட்டைத் திருப்பிப் போட்டு வெளியே வருகிறவருக்குக் கண் சிவந்திருக்கும், எச்சில் கறுத்திருக்கும். இருமல் முற்றினால் தோட்டத்து டிரெசர் தண்ணி மருந்து ஊற்றிக் கொடுப்பார். மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். இருமலுக்குப் புகைதான் காரணம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத நோய்க்கு இழப்பீடு கேட்கவும் வழியில்லை.

நிலக்கரியும் நம் மக்களுக்கு அறிமுகமானதுதான். சிலாங்கூரில் ரவாங்குக்கு மேற்கே பத்து ஆராங் இருக்கிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர் முன்னின்று தொடங்கிய மலாயன் கோலியரீஸ் நிறுவனம் 1915இல் அங்கே கரி தோண்ட ஆரம்பித்தது. சீனர், தமிழர், ஜாவானியர் என்று பலரும் அங்கே கூலி வேலை செய்தார்கள். அந்தக் கரிதான் ரயிலை ஓட்டியது. 1920களில் எழுந்த கோலாலம்பூர் பங்சார் மின்நிலையத்துக்கும் அது போனது. நம் மலாக்காவுக்கு 1905இல் தம்பினிலிருந்து கிளைப்பாதை திறந்தார்கள். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய கூலிகள் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. பிறகு ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு போனதையும், அதோடு நம் ஆட்களையும் கொண்டு போனதையும் 14ஆம் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

பத்து ஆராங் தொழிலாளர்கள் 1937 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். மலாயாவின் தொழிலாளர் வரலாற்றில் அதற்கு முன் அப்படியொன்று நடந்ததில்லை. ரயிலும் மின்சாரமும் நின்றுவிடும் என்று அஞ்சிய காலனி அரசு ஆயுதப் போலீஸை அனுப்பிச் சுரங்கத்தை மீட்டது. கரி என்றால் அரசுக்கு எவ்வளவு அவசரம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. கரி தோண்டுகிறவனின் நெஞ்சு அந்த அவசரத்தில் சேரவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைச் சொல்வோம், கள்ளுக்கடையை மூடச் சொன்னதைச் சொல்வோம், துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னதைப் பெருமையாகச் சொல்வோம். அவர்கள் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: முறையான மருத்துவ வசதி. சுகாதாரத்தை உரிமையாகக் கேட்ட கூட்டம் அது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கோரிக்கை காகிதத்தில் நின்றுவிட்டது. கிள்ளான் என்ற இடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே திரும்பி வருவோம்.

போருக்குப் பிறகு எண்ணெய் மலிந்தது. ரயில் எண்ணெய்க்கு மாறியதும் பத்து ஆராங்குக்கு வாடிக்கையாளர் இல்லாமல் போயிற்று. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் இந்நாட்டு மின்சாரத்தில் நிலக்கரிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இடமில்லை. நம் தோட்டத்து லயங்களில் பலவற்றுக்கு அப்போது மின்சாரமே இல்லை. மாலையில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் வெளிச்சம்.

எண்ணெய் நெருக்கடிகள் 1973இலும் 1979இலும் வந்து விலையை ஏற்றிவிட்டன. எண்ணெயை மட்டும் நம்பக் கூடாது என்று அரசு 1981இல் நான்கு எரிபொருள் கொள்கை வகுத்தது: எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி. அந்தக் கொள்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு நாடு தன் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நான்காவதாக எழுதப்பட்ட அந்த எரிபொருள் எங்கே எரியும், யார் வீட்டுப் பக்கம் எரியும் என்ற கேள்வி கொள்கையில் இல்லை.

எரிந்த இடம் காப்பார். கிள்ளானுக்கு வடக்கே, கடலோரமாக, தென்னையும் ரப்பரும் பிறகு செம்பனையுமாக இருந்த தமிழ்த் தோட்டங்களின் நடுவே. சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தின் இரண்டாம் கட்டம் 1988–89இல் இயங்கத் தொடங்கியபோது, கப்பலில் வந்த கரியை எரிக்கும் முதல் பெரிய நிலையம் இந்நாட்டுக்குக் கிடைத்தது. 2001இல் மூன்றாம் கட்டமும் சேர்ந்து அதன் மொத்தத் திறன் 2420 மெகாவாட் ஆனது. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் ஆணை அமலுக்கு வந்தது 1988 ஏப்ரல் 1இல். இரண்டாம் கட்டத்தைக் கட்டத் தொடங்கியபோது அந்தக் கட்டாயமே கிடையாது. 1941இல் மருத்துவ வசதி கேட்ட அதே வட்டாரத்தில், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்துகொண்டிருந்தபோது, கரி திரும்பி வந்தது.

பிறகு வரிசையாக வந்தன. 2003இல் பேராக் மஞ்சோங். 2006இல் ஜோகூர் தஞ்சோங் பின். 2009இல் நமக்குப் பக்கத்தில், நெகிரி செம்பிலான் லுக்குட் அருகே, 1400 மெகாவாட் ஜிமா. 2019இல் அதே கடற்கரையில் ஜிமா கிழக்கு, 2000 மெகாவாட். மேற்குக் கரையில் மஞ்சோங்கிலிருந்து ஜோகூர் முனை வரை காரோட்டிப் போகிறவர் கடல் பக்கம் பார்த்தால் இந்தப் புகைபோக்கிகளைத் தாண்டாமல் போக முடியாது. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் கரியிலிருந்து வரும் காலமும் வந்தது. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் கரி வாங்கினோம், பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும்.

மலாக்கா மாநிலத்துக்குள் நிலக்கரி நிலையம் கிடையாது. 1992 செப்டம்பர் மாபெரும் மின்தடைக்குப் பிறகு தனியார் மின்நிலையங்களுக்குக் கதவு திறந்தபோது தெலோக் கோங்கிலும் தஞ்சோங் கிளிங்கிலும் எழுந்தவை எரிவாயு நிலையங்கள். 2022இல் அலோர் காஜா மாவட்டத்தில் இயங்கத் தொடங்கிய 2242 மெகாவாட் எட்ரா நிலையமும் எரிவாயுதான். எரிவாயுவிலும் நைட்ரஜன் ஆக்சைடு உண்டு. கந்தகமும் சாம்பலும் பாதரசமும் கரியோடு ஒப்பிட மிகக் குறைவு. இந்த விஷயத்தில் மலாக்காவுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம். ஆனால் காற்றுக்கு மாநில எல்லை தெரியாது. ஜிமாவிலிருந்து புக்கிட் ரம்பாய் நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். கரிப்புகையில் உள்ள சல்ஃபர் டை ஆக்சைடு காற்றில் போகப்போக சல்ஃபேட் நுண்தூசாக மாறும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். புக்கிட் ரம்பாய் நிலையத்து எண்ணில் எத்தனை பங்கு நம் ஊர்த் தொழிற்சாலையுடையது, எத்தனை பங்கு நெடுஞ்சாலை லாரியுடையது, எத்தனை பங்கு வடக்கே இருக்கும் புகைபோக்கியுடையது என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. அரசு பிரித்துச் சொல்லலாம். அதற்கான தரவு அரசிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து 2005 ஆகஸ்ட் வரை ஐ.பி.யு. எண்ணை அரசு வெளியிடவில்லை, அது அரசு ரகசியமாக இருந்தது. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது காரணம். குழந்தைக்கு இழுப்பு வரும்போது வெளியே காற்று எப்படி இருக்கிறது என்று தாய் தெரிந்துகொள்ள முடியவில்லை. புக்கிட் ரம்பாயிலும் கிள்ளானிலும் கருவி அளந்துகொண்டுதான் இருந்தது. 2005 ஆகஸ்ட் 11இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் எண் 500ஐத் தாண்டி நெருக்கடிநிலை அறிவிக்க வேண்டி வந்த அதே வாரத்தில்தான் ரகசியம் உடைந்தது. அந்தப் புகை சுமத்ராவிலிருந்து வந்தது. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்துக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவே காப்பார் இருக்கிறது. காட்டுத்தீப் புகையை ஒரு வாரம் சுவாசித்த மக்கள் ஆண்டின் மற்ற வாரங்களில் என்ன சுவாசித்தார்கள் என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

கரிப்புகை உடலுக்கு என்ன செய்யும் என்பதில் மருத்துவ உலகுக்குச் சந்தேகம் கிடையாது. 1952 டிசம்பரில் லண்டன் நகரம் சில நாட்கள் கரிப்புகையில் மூழ்கியது. அந்த வாரங்களில் வழக்கத்தைவிட 4000 பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று அன்றைய கணக்கு, 12,000 பேர் என்று பிற்கால ஆய்வு. 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் போட்டது. நுண்தூசு நுரையீரலோடு நிற்பதில்லை, மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோகும். சல்ஃபர் டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். பாதரசம் கடலில் விழுந்து மீனில் ஏறி, கர்ப்பிணியின் சாப்பாட்டுத் தட்டு வழியாகக் குழந்தையின் மூளைக்குப் போகும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் நுண்தூசுக்கு வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 15.

அரசு கிளினிக்கில் காலை வேளையில் போய் உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளை அம்மா மடியில் சாய்ந்து, பிளாஸ்டிக் முகமூடியில் ஆவி மருந்து இழுத்துக்கொண்டிருக்கும். 'கேஸ் வைக்க வந்தோம்' என்பார் அம்மா. கார்டில் தேதி, மருந்து, அளவு எல்லாம் எழுதுவார்கள். அன்றைய ஐ.பி.யு. எண்ணை எழுதும் கட்டம் அந்தக் கார்டில் இல்லை. ஸ்மோக் ஹவுஸ் காலத்து டிரெசர் எழுதாமல் விட்டதுதான் இன்றும் எழுதப்படாமல் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பில் தூய காற்று என்ற சொல்லே இல்லை. ஆனால் 1996இல் டான் டெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், 5ஆம் விதியில் உள்ள உயிர் வெறும் மூச்சு மட்டுமல்ல, வாழ்வின் தரத்தையும் அது உள்ளடக்கும், ஓரளவு ஆரோக்கியமான, மாசற்ற சூழலில் வாழும் உரிமையும் அதில் அடங்கும் என்று விளக்கினார். வேலை பறிபோன ஒரு பள்ளி ஆசிரியரின் வழக்கில் வந்த வாசகம் அது. அடுத்த ஆண்டே பாக்குன் அணை வழக்கில் அதே நீதிபதி எழுதிய தீர்ப்பு சரவாக் பூர்வகுடி மக்களுக்கு எதிராகப் போனது. ஆக, வாசகம் நம்மிடம் இருக்கிறது. மின்நிலையத்துக்கு அருகில் வாழ்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வென்ற பெரிய வழக்கு இன்னும் வரவில்லை. மாசற்ற சூழல் உயிர் உரிமையில் அடங்கும் என்பதை இந்திய உச்சநீதிமன்றம் 1991இல் சொன்னது. அந்த வழக்கு வந்தது பீகாரில் நிலக்கரி கழுவிய கழிவுநீர் ஆற்றில் விடப்படுகிறது என்ற புகாரிலிருந்து. வழக்கு தள்ளுபடியானது, வாசகம் நிலைத்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் டீசல் மின்நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் இறங்கியபோது இலங்கை உச்சநீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்த நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை 161 நாடுகளின் ஆதரவோடு தூய்மையான சூழலை மனித உரிமையாக ஏற்றது.

தமிழ்நாட்டு எண்ணூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலேறிய சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் அது. 1970இல் அங்கே எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், 2012 முதல் வல்லூர் நிலையம். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம், நூறு கிலோ எரித்தால் முப்பது நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டுச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் துருப்பிடித்து ஆற்றின் மேலேயே உடைந்து ஒழுகியது, ஒருநாள் இருநாள் அல்ல, ஆண்டுக்கணக்கில்.

காட்டுக்குப்பத்து மீனவர்களும் இருளர்களும் அந்த ஆற்றில் இறங்கி வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம், கைப்பழக்கம் போதும். பெண்களும் பிடிப்பார்கள். சேறு இருந்த இடத்தில் சாம்பல் படிந்ததும் கால் புதைந்தது, கை தடவினால் இறால் இல்லை, சாம்பல் குழம்புதான் வந்தது. தோல் அரித்தது. ஆற்றின் ஆழம் குறைந்தது. கரையில் வாழ்ந்தவர்கள் வெயில் காலத்தில் பறந்து வந்த சாம்பலைச் சோற்றிலிருந்து ஒதுக்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் விடவில்லை. மனு எழுதினார்கள், படம் எடுத்தார்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா அந்தக் கழிமுகத்தில் நின்று புறம்போக்குப் பாடலைப் பாடியபோது சென்னைக்காரர்களே பலர் முதல்முறையாக அந்த இடத்தைப் பார்த்தார்கள். அதே ஆண்டு மார்ச் 31இல் பழைய எண்ணூர் நிலையம் மூடப்பட்டது. 2022இல் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பலை அகற்றி ஆற்றை மீட்கச் சொன்னது. ஆனால் 2024 மார்ச்சில் அதே இடத்தில் வடசென்னையின் மூன்றாம் கட்டம், 800 மெகாவாட், திறக்கப்பட்டது. எண்ணூர் இன்னும் வெல்லவில்லை. ஆனால் அங்கே நடந்தது எதுவும் பதிவில்லாமல் போகவில்லை, அதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

நம் நாட்டிலும் வென்ற கதை உண்டு, சபாவில். அங்கே 300 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றைக் கட்ட இடம் மாற்றி இடம் பார்த்து, கடைசியில் லஹாட் டத்து கடற்கரையைத் தேர்ந்தார்கள். மீனவர்கள், மருத்துவர்கள், இயற்கை ஆர்வலர்கள், நகரத்து மக்கள் ஒன்றாக நின்றார்கள். பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை வரி வரியாகப் படித்து மறுப்பு எழுதினார்கள். 2011 பிப்ரவரியில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டபோது போய்ப் படித்தவர்கள் இருந்ததால் அது நடந்தது.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். 2014 தூய காற்று விதிகள் பழைய நிலையங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்துப் புகைக்கு வரம்பு வைத்தன. கனமீட்டருக்கு 500 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு வரை விடலாம். சீனா தன் நிலையங்களுக்கு வைத்திருக்கும் கடும் வரம்பு 35. சீனாவில் முடிகிறது என்றால் இங்கே முடியாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை என்பது என் முடிவு. அந்த விதிகளின்படி புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி இடைவிடாமல் அளக்கவும் வேண்டும். அந்த எண்கள் சுற்றுச்சூழல் துறைக்குப் போகின்றன. புக்கிட் ரம்பாய் எண் கைப்பேசியில் வருவதுபோல ஜிமா புகைபோக்கியின் எண் நம் கைக்கு வருவதில்லை. தகவல் அறியும் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் உண்டு, மலாக்காவில் இல்லை, கூட்டரசிலும் இதுவரை இல்லை.

புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் அரசு அறிவித்தது, நல்ல அறிவிப்பு. 2035க்குள் கரியைப் பாதியாகக் குறைத்து, 2044க்குள் முற்றாக நிறுத்துவது இப்போதைய இலக்கு. பத்து ஆராங்கில் கரி தோண்டவிட்ட பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30இல் மூடிவிட்டது. நமக்கு ஏன் 2044? ஒப்பந்தங்கள் 25 ஆண்டுக்குப் போடப்பட்டிருக்கின்றன. தீபகற்பத்தில் கடைசியாக வந்த ஜிமா கிழக்கின் ஒப்பந்தம் முடியும் ஆண்டும் அதுதான். கணக்குப்படி, தீபகற்பத்தில் கடைசியாக அணையப்போகும் கரி அடுப்புதான் மலாக்காவுக்கு மிக அருகில் இருப்பது. அது தொடங்கிய 2019இல் பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைக்கு அது மூடும்போது 32 வயது.

அந்தப் பிள்ளையின் பெற்றோருக்குச் சொல்ல விரும்புவது இவைதான். வீட்டில் யாருக்காவது இழுப்பு வந்தால், கிளினிக் கார்டுக்குப் பக்கத்தில் அன்றைய புக்கிட் ரம்பாய் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், தாமான் சங்கம் எல்லாம் சேர்ந்து உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்: மேற்குக் கரை மின்நிலையங்களின் புகைபோக்கி எண்களை ஐ.பி.யு. எண் போலவே மணிக்கு மணி வெளியிட வேண்டும். பெரிய திட்டம் எதற்கும் மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வருகிறது என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தால், போய்ப் படித்து, ஒரு பக்கமாவது எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினாலும் பெயர் பதிவாகும், மலாயில் எழுதினால் இன்னும் நல்லது. 2005க்கு முன் ரகசியமாக இருந்த எண் இன்று நம் கைப்பேசியில் இருக்கிறது. புகைபோக்கி எண்ணும் வர வேண்டும், அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்தக் காற்றைச் சுவாசிக்கிற நாம்தான்.

(தொடரும்)